சொல்லாமல் வைத்த சேதி

ரிஷான் வேலை பார்த்த ஹோட்டலில் எல்லா அறையிலிருந்தும் கடல் தெரியும். அதற்குத்தான் அங்கே வந்து தங்குகிறவர்கள் அவ்வளவு காசு கொட்டிக் கொடுக்கிறார்கள். இவளோ அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகத் திரையை இழுத்து மூடிவிடுவாள். விரிப்பு மாற்றி, கழிப்பறை தேய்த்து, துண்டுகளை மடித்து வைத்துவிட்டு, வெளியே வரும்போதுதான் திரையைத் திறப்பாள். மேற்பார்வை பார்க்கிற ரஷ்யக்காரி ஒருநாள் கேட்டிருக்கிறாள், "கடல் உன்னை என்னடி பண்ணுச்சு?" ரிஷான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். "ஒண்ணும் பண்ணல. அது பாட்டுக்கு இருக்கட்டும், நான் பாட்டுக்கு இருக்கேன்."

இதை அவள் என் கடையில் உட்கார்ந்து சொன்னாள். என் கடை தெற்கு டெல் அவிவில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. நான்கு மேசைகள், ஒரு அடுப்பு. எரித்திரியாவில் ராணுவத்தை விட்டு ஓடிவந்த எங்கள் ஆட்கள் பகலெல்லாம் யாருடைய தட்டையோ கழுவிவிட்டுச் சாயங்காலம் இங்கே வந்து, ஊரில் சாப்பிட்டதுபோல ஒரே தட்டில் புளித்த அப்பத்தைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். என் பெயர் தெர்ஹாஸ். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். கொஞ்சம் என்பது அவர்கள் எனக்குத் தரும் மரியாதை.

ரிஷான் எரித்திரியாவில் தெக்கெம்ஹாரே பக்கத்துக்காரி. பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் எல்லோரையும்போல அவளையும் ராணுவப் பயிற்சிக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் ஊரில் ராணுவச் சேவைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது. அங்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒக்பாயை அவளுக்குப் பிடித்துப்போனது. முதலில் அவன் ஓடினான், பின்னால் இவள் ஓடினாள். வழியில், சினாய் பாலைவனத்தில், ஆள்பிடிக்கிறவர்களிடம் அவன் மாட்டிக்கொண்டான். பணம் வரும்வரை சங்கிலியில் கட்டிவைத்து அடித்தார்கள். இரண்டு மணிக்கட்டிலும் வளையல் போட்டதுபோலத் தழும்பு. கோடைகாலத்தில்கூட முழுக்கைச் சட்டைதான் போடுவான். இங்கே வந்து ஒரு அறை பிடித்து, ஒரு பெண்ணைப் பெற்று, டெலினா என்று பெயர் வைத்தார்கள். எங்கள் மொழியில் அதற்கு 'விரும்பினோம்' என்று பொருள். அந்தக் குட்டி பாலர்பள்ளிக்குப் போய் ஹீப்ருவிலேயே சண்டை போடும், ஹீப்ருவிலேயே அழும்.

அந்த வருஷம் இந்த நாட்டு அரசாங்கத்துக்கு எங்களைப் பிடிக்காமல் போயிருந்தது. முந்தின வருஷம் பிடித்திருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆண்களுக்கு வரிசையாகக் கடிதம் வர ஆரம்பித்தது. பாலைவனத்தில் உள்ள முகாமுக்கு வந்து சேர், இல்லாவிட்டால் சிறை. இரண்டும் வேண்டாமென்றால் இன்னொரு வழி இருந்தது. 'நானாக விரும்பிப் போகிறேன்' என்று கையெழுத்துப் போட்டால் மூவாயிரத்து ஐந்நூறு டாலரும் விமான டிக்கெட்டும் தருவார்கள். எந்த ஊருக்கு? ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டுக்கு. அதன் பெயரைக் காகிதத்தில் எழுத மாட்டார்கள், வாயால் மட்டும் சொல்வார்கள். நாங்களும் அதை மூன்றாம் நாடு என்றுதான் சொல்வோம். பிறந்த நாடு ஒன்று, வந்த நாடு ஒன்று, தள்ளிவிடுகிற நாடு ஒன்று.

ஒக்பாய்க்குக் கடிதம் வந்தது. அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக என் கடைக்கு வந்தான். கறிக்கடையில் வேலை பார்க்கிற ஒருவன் இருக்கிறான், வாயில் நல்ல வார்த்தையே வராது. அவன் மேசையிலிருந்தே கத்தினான், "என்ன ஒக்பாய், கிலோ என்ன விலைக்குப் போன?"

"எலும்போட சேர்த்துத்தான்டா. தனியா கறி வேணும்னு அவங்க கேக்கல" என்றான் ஒக்பாய். கடையே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. கரண்டியோடு வெளியே வந்தேன். "ஏன்டா, மார்க்கெட்டுல தக்காளி வாங்குறவன்கூட அடியில அழுகியிருக்கான்னு திருப்பிப் பார்த்துதான் வாங்குறான். நீ பேரு எழுதாத ஒரு நாட்டை வாங்கிட்டு வந்து நிக்கிற?"

"நான் நாடு வாங்கல அக்கா. வேலிக்குள்ள இன்னொரு தடவை படுக்க மாட்டேன். அவ்வளவுதான்."

"அது முகாம்டா, சினாய் இல்ல. சோறு போடுவாங்க. அடிக்க மாட்டாங்க."

"கதவைப் பூட்டுறவன் நல்லவனா கெட்டவனான்னு பார்த்தா அக்கா தூக்கம் வரும்?" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். "விருப்பப்பட்டுத்தான் போறியான்னு அந்த ஆபீஸ் அம்மா மூணு தடவை கேட்டாங்க. மூணு தடவையும் ஆமான்னேன். விருப்பம் இல்ல, ஆனா வேற வழியும் இல்லன்னு எழுதறதுக்கு அந்தத் தாள்ல இடமே இல்ல."

ரிஷான் பக்கத்தில் உட்கார்ந்து டெலினாவுக்கு அப்பத்தைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் போட்ட திட்டம் இதுதான்: அவன் போய் வேலை தேடி, வீடு பார்த்து, நிலைமை எப்படி என்று சொல்ல வேண்டும். நன்றாக இருந்தால் இவள் போவாள். இல்லாவிட்டால் இங்கேயே இருப்பாள். குழந்தையோடு இருக்கிற பெண்களை முகாமுக்குக் கூப்பிடவில்லை. "நான் போய் முதல்ல ருசி பார்க்கிறேன்" என்றான் ஒக்பாய்.

கையில் விலங்கு மாட்டி இழுத்துப் போயிருந்தால் கோபப்பட நாலு பேராவது இருந்திருப்பார்கள். காசைக் கையில் வைத்ததும் அது எங்கள் விருப்பம் ஆகிவிட்டது. கொடுத்தவனுக்கும் நிம்மதி, பார்த்தவனுக்கும் நிம்மதி. கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறவன் பஸ்ஸுக்குச் சில்லறை கொடுத்தால் அவன் தர்மவான் ஆகிவிடுவானா? இதை நான் அன்றைக்கும் கேட்டேன். இன்றைக்கும் கேட்கிறேன்.

ஒக்பாய் போனான். போன் பேசினான். ரிஷான் வேலை முடிந்ததும் என் கடைக்கு ஓடிவந்து சொல்வாள், "ஒரு மெக்கானிக் ஷெட்டுல வேலை கிடைச்சிருக்காம் அக்கா. முதலாளி நல்லவராம். வீடுதான் பார்க்கணுமாம்." அவள் முகம் மலர்ந்து கிடக்கும். கறிக்கடைக்காரன்கூட வாயை மூடிக்கொள்வான்.

ஷெட்டும் இல்லை, முதலாளியும் இல்லை. அது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. விமானத்திலிருந்து இறங்கியதும் யாரோ வந்து அவன் காகிதங்களை வாங்கிக்கொண்டார்கள். இரண்டு நாள் ஒரு விடுதியில் வைத்திருந்துவிட்டு, இங்கே இருக்க முடியாது, எல்லை தாண்டுவதற்குப் பணம் கொடு என்றார்கள். இங்கே கொடுத்த டாலர் அங்கே இப்படித்தான் கரைந்தது. அவன் சூடான் போய், லிபியா போய், அங்கிருந்தும் ரிஷானிடம் ஷெட் கதைதான் சொல்லிக்கொண்டிருந்தான். இவள் பயப்படுவாளே என்று. கடல் என்ற வார்த்தையைக்கூட அவன் எடுக்கவில்லை. பிறகு அவன் போனே வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாதிரியார் கெஷி தெவெல்தே கடைக்கு வந்தார். கையில் எப்போதும் வைத்திருக்கிற மரச்சிலுவையை முத்தமிடக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். இத்தாலியில் கரையேறிய எங்கள் ஊர் ஆள் ஒருவன் அவருக்குப் போன் செய்திருந்தான். லிபியாவிலிருந்து கிளம்பிய படகில் ஒக்பாய் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஷெட் கதை உட்பட நடந்ததையெல்லாம் சொன்னானாம். படகு கவிழ்ந்தது. "ஒக்பாய்க்கு நீச்சல் தெரியாது. என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டிருந்தான். அப்புறம் பிடிக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த ஆள் அழுதிருக்கிறான்.

எங்களில் சாவுச்சேதியைப் போனில் சொல்ல மாட்டோம். தனியாக இருக்கிறவரிடம் சொல்ல மாட்டோம். வேலைக்கு நடுவிலோ பஸ்ஸிலோ சொல்ல மாட்டோம். ரத்த உறவு ஒருவரைக் கூட்டிக்கொண்டு, பத்துப்பேர் சேர்ந்து, விடியும் நேரத்தில் வீட்டுக்குப் போக வேண்டும். பெண்கள், சாவுக்கு மட்டும் போர்த்துகிறபடி, வெள்ளை மேலாடையின் கரையைக் கழுத்துப் பக்கம் திருப்பிப் போர்த்தியிருப்பார்கள். அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது என்பதால் ரொட்டியும் காப்பியும் கையோடு போகும். பெரியவர் ஒருவர் சொல்வார். சொல்லும்போதே இரண்டு பக்கமும் பெண்கள் பிடித்துக்கொள்வார்கள், தரையில் மோதிக்கொள்ளாமல் இருக்க. அந்த நேரம் வரும்வரை ஊருக்கே தெரிந்திருந்தாலும் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. சிரித்த முகமாக இருக்க வேண்டும்.

"இப்பவே போய்ச் சொல்லிடலாம் ஐயா" என்றேன் நான். "பாவம், தினம் போனைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கா."

கெஷி தலையை ஆட்டினார். "அவ அண்ணன் யெமானே முகாம்ல இருக்கான். அவன் வரணும். இந்த ஊர்ல அவளுக்குன்னு இருக்கிற ஒரே ரத்தம் அவன்தான்."

"அவனுக்கு எப்போ லீவு கிடைக்கும்? அங்க மூணு வேளையும் ஆளை எண்ணுறாங்க."

"போன வருஷம் கட்டட வேலையில சாரத்து மேல நின்னுக்கிட்டிருந்தவனுக்கு ஒருத்தன் போன் போட்டு உன் அம்மா செத்துட்டாங்கன்னு சொன்னானே, மறந்துட்டியா தெர்ஹாஸ்? அம்மாவுக்கு அழறதா அவனுக்கு அழறதான்னு தெரியாம நின்னோமே. பிடிச்சுக்க ஆள் இல்லாம சொன்னா அது சேதி இல்ல மகளே, கல்லெறி."

அவர் சொன்னதில் என்ன தப்பு? நான் இன்றும் யோசித்துப் பார்க்கிறேன். தப்பு எதுவும் கண்ணில் படவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

யெமானே முகாமில் லீவு கேட்டான். தங்கை புருஷன் இறந்துவிட்டான் என்றான். சாவுச் சான்றிதழ் எங்கே என்றார்கள். கடலில் போனவனுக்கு எவன் சான்றிதழ் தருவான்? முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அவன் மறுபடி மறுபடி போய் நின்றான். நாங்கள் இங்கே காத்திருந்தோம்.

அந்த நாட்களில் ரிஷான் தினமும் கடைக்கு வந்தாள். "போன் போட்டா மணியே அடிக்க மாட்டேங்குது அக்கா" என்பாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "சிம் மாத்தியிருப்பான்" என்பேன். மறுநாள், "போன் தொலைஞ்சிருக்கும்" என்பேன். அவள் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுபோகும். கறிக்கடைக்காரன் டெலினாவுக்குச் சாக்லேட் வாங்கிவந்தான். ஒருவன் அவள் சாப்பிட்டதற்குக் காசு கொடுத்துவிட்டுப் போனான். ரிஷான் எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"என்ன, எல்லாரும் திடீர்னு நல்லவங்களாயிட்டீங்க?"

கறிக்கடைக்காரன் தட்டுக்குள் குனிந்துகொண்டான். நான் மட்டும், "ஏன், இதுவரைக்கும் கெட்டவங்களா இருந்தோமா?" என்று சண்டைக்குப் போவதுபோல நடித்தேன். அவள் சிரித்தாள். ஆனால் இந்தமுறை வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. நான் அப்போது அதைக் கவனிக்கவில்லை.

அவள் விசாவைப் புதுப்பிக்க அந்த ஆபீசுக்குப் போனதை எங்களிடம் சொல்லவில்லை. பிறகு அவளே சொல்லித்தான் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த ஜன்னலில் போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும், கிளம்புவதைப் பற்றி யோசித்தாயா என்று கேட்பார்கள். இந்தமுறை இருந்த அம்மா ரொம்பத் தன்மையானவள். டெலினாவுக்கு மிட்டாய் கொடுத்திருக்கிறாள். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உன் வீட்டுக்காரர் நல்லபடியா போய்ச் சேர்ந்ததா இங்க இருக்கே. குழந்தை அப்பா இல்லாம வளரணுமா? உனக்கும் பணம் வரும், குழந்தைக்கும் வரும்" என்றாளாம். அவள் சொன்னது பொய் இல்லை. போய்ச் சேர்ந்தான் என்பதுவரைக்கும் அவர்கள் கணக்கில் இருந்தது. அதற்கப்புறம் அவன் அவர்கள் கணக்கிலேயே இல்லை. அந்த அம்மா சாயங்காலம் வீட்டுக்குப் போய், இன்றைக்கு ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்தேன் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டிருப்பாள். கெட்டவளாக இருந்தால் எனக்குத் திட்டுவதற்கு வசதியாக இருந்திருக்கும்.

கையெழுத்துப் போட்டவர்களை என் கடையில் எப்படிக் கேலி செய்வோம் என்று ரிஷானுக்குத் தெரியும். அதனால்தான் தானும் போட்டதைச் சொல்லவில்லை. கிளம்பிய அன்று சாயங்காலம் தன் மண் காப்பிக் குடுவையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"இதோட கழுத்துல விரிசல் இருக்கு. உன்கிட்ட இருக்கட்டும் அக்கா, என் கைக்கு உடைஞ்சிடும்."

"ஏன், என் கை என்ன பஞ்சா?" என்று வாங்கிவைத்தேன். அன்று அவளே என் கடையில் காப்பிக்கொட்டை வறுத்து, மூன்று சுற்றும் ஊற்றினாள். மூன்றாவது சுற்று ஆசீர்வாதத்துக்கு. அவசரம் என்றால் அதை விட்டுவிடுவோம். அன்று அவள் விடவில்லை. ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே கொடுத்தாள். இவளுக்கு நாளைக் காலையில் என்ன காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வாங்கிக் குடித்தேன். ஏனென்றால் யெமானேவுக்கு அன்றுதான் லீவு கிடைத்திருந்தது. சாவுக்குத் தராத லீவைப் பல்வலிக்குத் தந்திருந்தார்கள். ஒரு நாள் மட்டும். மறுநாள் சாயங்கால எண்ணிக்கைக்குத் திரும்பி நிற்க வேண்டும்.

விடியும் நேரத்தில் கிளம்பினோம். கெஷி முன்னால், யெமானே அவர் பக்கத்தில், நாங்கள் பத்துப் பெண்கள் மேலாடையின் கரையைத் திருப்பிப் போர்த்திக்கொண்டு பின்னால். என் கையில் காப்பி ஃபிளாஸ்க், இன்னொருத்தி கையில் ரொட்டி. தெரு கூட்டுகிறவன் துடைப்பத்தை நிறுத்தி ஒதுங்கினான். அவனும் எங்கள் ஆள். எதற்குப் போகிறோம் என்று அவனுக்குத் தெரியும். ரிஷான் இருந்தது மூன்றாவது மாடி. மாடிப்படி முழுக்க நாங்கள் நின்றோம். கெஷி கதவைத் தட்டினார்.

மறுபடி தட்டினார். யெமானே தட்டினான். எதிர் அறைக் கதவு திறந்தது. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிற பிலிப்பைன்ஸ்காரி மாரிதெஸ், தூக்கக் கலக்கத்தோடு தலையை நீட்டினாள். எங்கள் எல்லோரையும் பார்த்து மிரண்டுவிட்டாள்.

"ரிஷான் இல்லையே. ராத்திரியே டாக்ஸி வந்துச்சு. ஏர்போர்ட்" என்றாள் ஹீப்ருவில். "புருஷன்கிட்ட போறேன்னு என்னைக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுத்துட்டுப் போனா. உங்ககிட்ட சொல்லலயா?"

யெமானே படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மாரிதெஸிடம் சாவி இருந்தது. அறையைத் திறந்து காட்டினாள். மெத்தையில் விரிப்பு இல்லை. தரையைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஜன்னல் திரை மட்டும் முழுக்கத் திறந்து கிடந்தது. சொல்ல வந்த சேதியும், பிடித்துக்கொள்ள வந்த கைகளும், சூடான காப்பியும் வைத்துக்கொண்டு ஒரு காலி அறையில் நின்றோம். யாருக்கும் அழுகை வரவில்லை. யாரிடம் அழுவது?

எல்லோரும் என் கடைக்கு வந்து உட்கார்ந்தோம். அன்று யாரும் வேலைக்குப் போகவில்லை. விமானத்திலிருந்து இறங்கியதும் அவள் கூப்பிடுவாள் என்று எல்லோருக்கும் தெரியும். கூப்பிட்டால் என்ன சொல்வது?

"போன்ல சொல்லக் கூடாது" என்றாள் ஒருத்தி.

"சொல்லாம இருந்தா அவ ஊர் ஊரா அவனைத் தேடுவா. எல்லையத் தாண்டுவா. அதே கடலுக்குப் போய் நிப்பா" என்றேன் நான்.

"சொன்னா? ஒத்தையா, சின்னக் குழந்தையோட..."

யெமானே எழுந்து கெஷியின் முன்னால் வந்து நின்றான். "ஐயா, திரும்பி வரச் சொல்லலாமா?"

கையெழுத்துப் போட்டவர்களுக்குத் திரும்பி வருவது என்பது கிடையாது. அது அவனுக்கும் தெரியும். கெஷி சிலுவையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

மதியத்துக்குப் பிறகு என் போன் அடித்தது. வீடியோ கால். நான் அவசரமாக மேலாடையை உருவிப் போட்டுவிட்டு, அடுக்களைச் சுவரில் சாய்ந்துகொண்டு எடுத்தேன். ரிஷானின் முகம். புதுத் தலைப்பின்னல் போட்டிருந்தாள். பின்னால் டெலினா ஒரு கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! திட்டாத. திட்டுவேன்னுதான் சொல்லல."

"திட்டல" என்றேன்.

"திட்டலயா? உனக்கு உடம்பு சரியில்லையா?" அவள் சிரித்தாள். "வந்து இறங்கிட்டோம். ஒருத்தர் வந்து கூட்டிட்டு வந்தாரு. பேப்பரையெல்லாம் வாங்கிட்டுப் போயிருக்காரு, முத்திரை குத்தித் தர்றேன்னு. ரூமை விட்டு வெளிய போகாதேன்னாரு." அவள் முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு, நீங்கல்லாம் என்கிட்ட எதையோ மறைச்சீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைக்காத. நான் வந்தா எல்லாரும் பாவம்போல பார்த்தீங்க. அவனுக்கு இங்க ஒருத்தி இருக்கா, அதானே? இருக்கட்டும். கண்டுபிடிச்சு, காதைப் பிடிச்சு இழுத்துட்டு வரல, என் பேரு ரிஷான் இல்ல."

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. என் நீளமான வாய்.

"ஏன்க்கா கடையில சத்தமே இல்ல? இந்நேரம் ஒண்ணு ரெண்டு பேராவது இருப்பாங்களே. போனைத் திருப்பு, எல்லாரையும் பார்க்கிறேன்."

"அப்புறம் பார்க்கலாம், நீ முதல்ல சாப்பிட்டியா?"

அதற்குள் யெமானே அடுக்களைக்குள் வந்துவிட்டான். தங்கையின் குரலைக் கேட்டுக்கொண்டு அவனால் வெளியே உட்கார முடியவில்லை. என் தோளைப் பிடித்துத் திருப்பி, பின்னால் நின்று போனைப் பார்த்தான்.

"அண்ணே?" ரிஷானுக்கு முதலில் சந்தோஷம்தான். "நீ எப்படி வெளிய வந்த? உனக்குத்தான் லீவே தர மாட்டாங்களே?" அப்புறம் அவள் கண் அவனைத் தாண்டிப் பின்னால் போனது. அடுக்களைக்குக் கதவு கிடையாது. நான்கு மேசையிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், வெள்ளை மேலாடையின் கரை கழுத்தைச் சுற்றி மேலே இருக்க. நடுவில் கெஷி.

எங்களில் யாருக்கும் அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு போன் அவள் கையிலிருந்து விழுந்தது.

திரையில் ஒரு விடுதியின் கூரை தெரிந்தது. ஓடாத மின்விசிறி ஒன்று. அவள் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. தலை மோதுகிற சத்தம், மறுபடி மறுபடி. கடையிலிருந்த பெண்கள் எல்லோரும் எழுந்து ஓடிவந்து அந்தச் சின்னப் போனைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி தன்னையறியாமல் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தாள். "பிடிச்சுக்கோங்க, யாராவது அவளைப் பிடிச்சுக்கோங்க" என்று கத்தினாள். அங்கே டெலினா மட்டும்தான் இருந்தாள். "அம்மா எந்திரி, அம்மா எந்திரி" என்று அவள் ஹீப்ருவில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரொம்ப நேரம் கழித்து ரிஷானின் முகம் மறுபடி தெரிந்தது. நெற்றியில் ரத்தம். குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. கெஷியைத்தான் பார்த்தாள்.

"எப்போ வந்துச்சு ஐயா சேதி?"

கெஷி பொய் சொல்கிறவர் இல்லை. "ரெண்டு வாரம் ஆச்சு, மகளே."

அவள் தலையை ஆட்டினாள். விரலை மடித்து நாட்களை எண்ணிப் பார்த்தாள்.

"நான் கையெழுத்துப் போட்டது போன திங்கக்கிழமைதான், ஐயா."

அவ்வளவுதான் சொன்னாள். அங்கே யாரோ கதவைத் தட்டினார்கள். பேப்பர் வாங்கிப்போன ஆளாக இருக்கும். போனை வைத்துவிட்டாள். யெமானே சாயங்கால எண்ணிக்கைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, யாரையும் பார்க்காமல் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தான். ஃபிளாஸ்கிலிருந்த காப்பியை யாரும் குடிக்கவில்லை. நான் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினேன்.